குதிரைக்குச் சின்னக் காயம்தான், டாக்டரைக் கூப்பிடணுமா?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டியவன் நான். இப்போது ஓட்டுவதில்லை. இரண்டு குதிரைகளை மட்டும் வீட்டோடு வைத்திருக்கிறேன். தொழிலை விட்டாலும் போன் விடவில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஆசைப்பட்டுக் கத்தியவாரி இனக் குதிரை வாங்கியவர், மெரினா மணலில் சவாரி ஓட்டுபவர், தோட்டத்து வீட்டில் பிள்ளைகளுக்காக ஒன்றைக் கட்டிவைத்திருப்பவர் என்று யார் யாரோ அழைக்கிறார்கள். காயத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "இதுக்கு டாக்டர் வேணுமாண்ணே?" என்பார்கள். பத்தில் எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்விகள்தான் என்பதால் எழுதிவைத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. வைத்தியம் செய்வது எப்படி என்று இங்கே தேட வேண்டாம். டாக்டரை எப்போது கூப்பிடுவது, அவர் வரும்வரை என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

இத்துனூண்டு கீறல்ணே. இதுக்கெல்லாமா டாக்டர்?

அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்து தொங்கினாலும் பிழைத்துக்கொள்ளும் குதிரை, கணுக்காலில் மிளகு அளவு ஓட்டையில் வீணாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது இடம். முன்னங்கால் முட்டிக்குக் கீழேயும் பின்னங்கால் மடக்குக்குக் கீழேயும் குதிரைக்குச் சதையே கிடையாது. தோல், அதன் அடியில் நரம்புக் கயிறு போன்ற தசைநாண், எலும்பு, மூட்டு. அங்கே எது குத்தினாலும் நேராகப் போய்ச் சேருவது முக்கியமான இடத்துக்குத்தான்.

இடத்தைப் பார்த்த பிறகு நாலடி நடக்க விடுங்கள். கால் ஊன்றுகிறதா, தாங்கித் தாங்கி நடக்கிறதா? அடுத்து ஆழம். முடியை நனைத்து ஒதுக்கிப் பார்த்தால், மேல்தோல் மட்டும் சிராய்த்திருக்கிறதா, தோல் முழுதாகப் பிளந்து விளிம்புகள் விலகி நிற்கின்றனவா என்று தெரியும். சிராய்ப்பு, நடையில் மாற்றமில்லை, மூட்டுப் பக்கமில்லை, டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கிறது என்றால் கழுவிவிட்டுக் கண்காணிக்கலாம். இந்த நான்கில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் போனை எடுங்கள்.

யோசிக்காம உடனே கூப்பிட வேண்டியது எதுக்கெல்லாம்?

கண்ணில் அடி. மூட்டுக்கோ தசைநாணுக்கோ பக்கத்தில் வெட்டு, குத்து. குளம்பின் அடியில் ஆணி. அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம். நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ளே போன குத்து. எலும்பு வெள்ளையாகத் தெரியும் காயம். சிறு காயம்தான், ஆனால் அந்தக் காலைக் கீழேயே வைக்க மறுக்கிறது. நாய் கடித்தது. இவற்றுக்குக் காலைவரை பொறுக்கலாமா என்ற கேள்வியே கிடையாது.

காயம் சாதாரணமாகத் தெரிந்தாலும் குதிரை சரியில்லாமல் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான். தீனி எடுக்கவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, ஈறு வெளுத்திருக்கிறது. ஈறின் மேல் கட்டை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44வரை இருக்கும். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் பென்சில் பருமனில் ரத்தக் குழாய் உருளும், அங்கேயே எண்ணலாம். சும்மா நிற்கும்போதே 60ஐத் தாண்டினால் வலியோ ரத்த இழப்போ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தரை பூரா ரத்தம்ணே. செத்துடுமா?

பெரும்பாலும் சாகாது. குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ரத்தம். 300 கிலோ மட்டக் குதிரைக்குள் 24 லிட்டர் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் குங்குமம் கரைத்துச் சிமெண்டுத் தரையில் ஊற்றிப் பாருங்கள், கொலை நடந்த இடம்போல இருக்கும். பயந்துபோய் நாம் கத்துவதால் குதிரை மிரண்டு ஓடி, அதில் இன்னும் கொட்டுவதுதான் நடக்கிறது.

சுத்தமான துண்டையோ, குழந்தைக்குக் கட்டும் டயபரையோ மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள், கால் என்றால் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டுங்கள். பளீர்ச் சிவப்பில் துடித்துத் துடித்துப் பீய்ச்சினால் தமனி அறுந்திருக்கிறது. ஒருவர் அழுத்த, இன்னொருவர் போன் செய்ய வேண்டும். காயத்துக்கு மேலே கயிறு போட்டு முறுக்குவது வேண்டாம். ரத்தம் போகாமல் கீழ்க்கால் கெட்டுப்போகும்.

எதை ஊத்திக் கழுவுறது? டெட்டாலா, ஸ்பிரிட்டா?

இரண்டும் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் வருகிறது என்று நமக்குத் திருப்தி. ஆனால் ஆறுவதற்கு முளைத்துவரும் நல்ல சதையையும் சேர்த்துத்தான் அது கருக்குகிறது. சேறு அப்பிய காயம் என்றால் முதலில் குழாய்த் தண்ணீரைக் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் விடுங்கள். குளிர்ந்த நீர் வீக்கத்தையும் கொஞ்சம் அடக்கும்.

பிறகு உப்புநீர். மெடிக்கலில் நார்மல் சலைன் 500 மி.லி. பாட்டில் கிடைக்கும். தலையில் ஊசியால் துளை போட்டு அழுத்தினால் சரியான வேகத்தில் பீய்ச்சும். நான் வைத்திருப்பதிலேயே மிக மலிவான, மிக உபயோகமான பொருள் அதுதான். கிடைக்காத இடத்தில் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. போவிடோன் அயோடின் கலப்பதானால் 1 லிட்டருக்கு 10 மி.லி. போதும், கட்டன் டீ நிறம் வர வேண்டும். பாட்டிலில் இருக்கும் கருஞ்சிவப்பை அப்படியே உள்ளே ஊற்றுவதும் சதையைப் புண்ணாக்கும்.

குத்துக் காயத்துக்குள் மட்டும் வேகமாகப் பீய்ச்சாதீர்கள். வெளி அழுக்கை உள்ளே தள்ளிவிடுவீர்கள். சுற்றிலும் துடைத்து, மேலே சுத்தமான துணி வைத்துக் கட்டி, டாக்டருக்கு விடுங்கள்.

எங்க தாத்தா மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் வெச்சார். எல்லாம் ஆறுச்சே?

ஆறியிருக்கும். தோல் சிராய்ப்பு எதுவுமே வைக்காவிட்டாலும் ஆறும். வேப்பெண்ணெயில் எனக்கு விரோதமில்லை. காயத்தைச் சுற்றி முடியின் மேல் தடவினால் ஈ அண்டாது, நானே செய்கிறேன். சிக்கல் காயத்துக்குள் வைப்பதில்தான். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, வண்டி கிரீஸ் எல்லாம் உள்ளே போய்ப் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். டாக்டர் வந்தால் ஆழம் தெரியாது, சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம், அதற்குள் தையல் போடும் வாய்ப்பும் போய்விடும்.

கடையில் விற்கும் நீல மருந்து, ஊதா மருந்து, வெள்ளி ஸ்பிரே எல்லாவற்றுக்கும் இதே பதில். டாக்டர் பார்க்கப்போகிற காயத்தின் மேல் நிறம் எதுவும் பூசாதீர்கள். சலைன், சுத்தமான துணி, கட்டு. அதோடு கை எடுத்துவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி எப்பவோ போட்டதா ஞாபகம். போதுமா?

"எப்பவோ" என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலங்குகளில் ரண ஜன்னிக்கு மிக எளிதாக இரையாவது குதிரைதான். அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் குதிரைச் சாணத்திலுமே இருக்கிறது. லாயத்தில் வேறு என்ன இருக்கிறது? காற்றுப் புகாத சின்ன ஆழமான குத்தில்தான் அது செழிக்கும், மேலே ஆறி மூடியிருக்கும், நாம் மறந்தும்விடுவோம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் காது விறைக்கும், வால் தூக்கியபடி நிற்கும், கால்களை மரக்குதிரைபோல அகட்டி வைக்கும், சின்னச் சத்தத்துக்கும் கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாய்ந்து மூடும். அந்தக் கட்டத்தில் பிழைப்பவை குறைவு.

முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இதுதான் வழக்கம். காயம் பட்டபோது கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தால் ஒன்று கூடுதலாகப் போடுவார்கள். ஒரு ஊசியும் போடாத குதிரைக்குத் தடுப்பூசியோடு எதிர்விஷ ஊசியும் சேர்த்து வேண்டியிருக்கும். எது என்று முடிவு செய்வது டாக்டர். ஆகவே தேதி தெரியாத குதிரை என்றால், கீறலே ஆனாலும் இந்த ஒரு காரணத்துக்காகவாவது கூப்பிடுங்கள். சந்தையில் வாங்கிய குதிரைக்கு விற்றவர் சொல்லும் வாய்வார்த்தைத் தேதியை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

கணுக்கால்ல சின்ன ஓட்டை. நல்லாத்தான் நடக்குது. விட்டுடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். எனக்கு ஒரு பழுப்புப் பெட்டை இருந்தது. சவாரி முடிந்து மாலையில் கால் கழுவும்போது பின்னங்கால் கணுவில் ஒரு துளை, பேனா முனை போகும் அளவு. வேலிக் கம்பி குத்தியிருக்கும். ரத்தம் இரண்டு சொட்டு. துளையிலிருந்து எண்ணெய்போல ஏதோ கசிந்தது. விரலில் தொட்டுப் பிரித்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக இழுபட்டது. தண்ணீர் என்று நினைத்துத் துடைத்துவிட்டு மஞ்சள் அப்பினேன். மறுநாள் நன்றாக நடந்தது, சவாரிக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் விடியலில் மூன்று காலில் நின்றது. கணு பலாக்கொட்டை வைத்துக் கட்டியதுபோல் வீங்கிச் சுட்டது.

அந்த எண்ணெய்தான் மூட்டுநீர். துளை மூட்டின் உறைவரை போயிருக்கிறது. முதல் நாள் நொண்டாததற்கும் காரணம் இருக்கிறது. துளை திறந்திருக்கும்வரை உள்ளே சேருவது வெளியே வடிந்துவிடும், அழுத்தமில்லை, வலியில்லை. துளை மூடியதும் சீழ் உள்ளே அடைபடும். அப்புறம்தான் நொண்டல். மூட்டில் கிருமி ஏறினால் மயக்கம் கொடுத்து, லிட்டர் கணக்கில் சலைன் விட்டு மூட்டை அலச வேண்டும். முதல் நாளே செய்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். என் குதிரைக்கு நான் கூப்பிட்டபோது நாள் கடந்துவிட்டது. உயிர் போகவில்லை, ஆனால் அதன்பிறகு அதன் முதுகில் ஜீனி, அதாவது சேணம், ஏறவில்லை.

மூட்டிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குள் எந்தத் துளையும் வெட்டும் இருந்தால், நடந்தாலும் நொண்டினாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். காயத்திலிருந்து தள்ளி வேறு பக்கமாக மூட்டுக்குள் சலைனை ஏற்றிப் பார்ப்பார். காயம் வழியாக அது வெளியே வந்தால் மூட்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் படத்தில் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது.

குளம்புல ஆணி ஏறியிருக்கு. பிடுங்கிட்டுக் கூப்பிடவா?

பிடுங்காதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். ஆணி இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு ஆழம், எந்தத் திசை, எந்த எலும்பைத் தொடுகிறது என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும். பிடுங்கியதும் குளம்பின் அடிப்பகுதி ரப்பர்போல மூடிக்கொள்ளும், ஓட்டை எங்கே என்றே கண்டுபிடிக்க முடியாது. நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியிலும் அதன் ஓரப் பள்ளங்களிலும் குத்தினால்தான் அதிக ஆபத்து. அதற்கு நேர் மேலே தசைநாணும் சின்ன எலும்பும் மூட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன.

குதிரையை நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். ஆணி துருத்திக்கொண்டிருந்தால் அதன் உயரத்தைவிடத் தடிமனான மரத்துண்டோ மடித்த துணியோ குளம்பின் மற்ற பகுதியில் வைத்துக் கட்டினால், மிதிக்கும்போது மேலும் ஏறாது. அப்படிக் கட்ட முடியாமல் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே போகிறது என்றால் மட்டும் பிடுங்கலாம். அப்போதும் ஓட்டையைச் சுற்றி மார்க்கரில் வட்டம் போட்டு, படம் எடுத்து, ஆணியில் எவ்வளவு தூரம் ஈரமாக இருக்கிறது என்று குறித்து, அந்த ஆணியையும் எறியாமல் வையுங்கள்.

லாடம் அடித்த மறுநாள் நொண்டுவது வேறு கதை. அதற்கு முதலில் லாடம் அடித்தவரைக் கூப்பிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்குக் கிழிஞ்சது. காலைல தையல் போட்டுக்கலாமா?

தோல் முழுதாகப் பிளந்திருந்தால் முதல் ஆறு முதல் எட்டு மணி நேரம் தையலுக்கு நல்ல காலம். இரவு பத்து என்றால் விடியற்காலை நான்கு முதல் ஆறு. காலையில் கால்நடை மருந்தகம் திறக்கும்வரை என்பது சில காயங்களுக்குத் தாமதம்தான். முகம் விதிவிலக்கு. அங்கே ரத்த ஓட்டம் அதிகம், தாமதமாகத் தைத்தாலும் பிடிக்கும். இமையோ மூக்கு ஓரமோ கிழிந்து தொங்கினால், அந்தத் துண்டைக் காய்ந்தாலும் வெட்டி எறியாதீர்கள். இமை ஓரம் குறைந்தால் ஆயுள் முழுக்கக் கண் உறுத்தும்.

எல்லாக் கிழிசலுக்கும் தையல் வேண்டியதில்லை. தொடை, பிட்டம் போன்ற சதைப் பகுதியில் திறந்தே விட்டு ஆற்றுவதும் உண்டு. ஆனால் அதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. இரவிலேயே படம் அனுப்பி, "இப்போதே வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கண்ணுல தூசி பட்ட மாதிரி இருக்கு. வீட்ல சொட்டு மருந்து இருக்கு, விடவா?

விடாதீர்கள். மனிதர்களுக்கு வாங்கிய சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில் கீறல் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போகும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். முன்னால் நின்று இரண்டு கண்ணின் மேல் இமை முடியையும் ஒப்பிடுங்கள். நல்ல கண்ணில் முடி நேராக முன்னோக்கி நிற்கும், வலிக்கிற கண்ணில் கீழே சாய்ந்திருக்கும். நீர் வழிந்து, பாதி மூடி, முடி சாய்ந்திருந்தால் அன்றைக்கே டாக்டர். அதுவரை நிழலில் கட்டுங்கள், தேய்க்காதபடி ஆள் இருக்கட்டும்.

ஜீனி உரசி முதுகுல புண். இதுக்கும் டாக்டரா?

முடி உதிர்ந்து தோல் சிவந்த அளவென்றால் வேண்டாம். ஜீனியை மாட்டாதீர்கள், அவ்வளவே. சீசன் நேரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டு ஓட்டினால் ஒரு வாரப் புண் ஒரு மாதப் புண்ணாகும். பிடரி முடிகிற மேட்டில் வீங்கி, தொட்டால் முதுகைக் குழித்து, சீழ் வழி பிடித்திருந்தால் அது உள்ளே எலும்புமுனைவரை போகக்கூடியது. அதற்கு டாக்டர்தான்.

தெரு நாய் காலைக் கடிச்சிடுச்சு. பல்லு பட்ட அடையாளம் மட்டும்தான்.

குதிரைக்கும் வெறிநோய் வரும், வந்தால் வழியே இல்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கையுறை மாட்டிக்கொண்டு. இங்கே மட்டும் சோப்பு நல்லது. அன்றே டாக்டரிடம் போங்கள், கடித்த பிறகு போடும் தடுப்பூசி வரிசையை ஒரு நாள்கூட விடாமல் முடியுங்கள். கடி ஆழமில்லாவிட்டாலும் பல் குத்திய துளை குத்துக் காயம்தான், டெட்டனஸ் பதில் இதற்கும் பொருந்தும். பிறகு சில வாரம் கழித்து எச்சில் ஒழுகினாலோ, குணம் மாறினாலோ, வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடாதீர்கள்.

அக்குள்ள சின்னக் குத்து. இப்ப தோளெல்லாம் உப்பி, அழுத்துனா மொறுமொறுங்குது!

முதல்முறை பார்ப்பவர் பயந்துவிடுவார். முன்னங்கால் அக்குள் காயம், குதிரை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் துருத்திபோலக் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று தோலுக்கடியில் பரவி, அப்பளத்தை நொறுக்குவதுபோல விரலுக்குக் கேட்கும். காற்று நெஞ்சுக்குள் போனால் மூச்சு முட்டும். குதிரையை நடத்தவே கூடாது. குட்டையாகக் கட்டி, காயத்தைச் சுத்தமான துணியால் அடைத்து, டாக்டரை அங்கேயே வரவழையுங்கள். வேறு கிருமியாலும் தோலுக்கடியில் வாயு சேரலாம். அப்போது காய்ச்சலும் கடுமையான வலியும் இருக்கும். இரண்டையும் பிரிப்பது நம் வேலையில்லை.

இன்னொரு குதிரை உதைச்சது. தோல் லேசாத்தான் கிழிஞ்சிருக்கு, நடக்குது.

எங்கே உதைத்தது? பின்னங்காலின் உள்பக்கம், மடக்குக்கு மேலே, எலும்பின் மேல் வெறும் தோல்தான். முன்னங்கால் முட்டிக்கு மேல் உள்பக்கமும் அப்படியே. அங்கே லாடக்கால் உதை விழுந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். குதிரை நடக்கும். இரவில் படுத்து எழும்போது மொத்த எடையும் அதில் விழுந்து இரண்டாகும். அதனால் நொண்டலோ எலும்பின் மேல் தொட்டால் வலியோ இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை படுக்காதபடி தலையை உயரக் கட்டச் சொல்வார்கள். கீழ்க்கால் எலும்பில் உதை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். காயம் மூடி, சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி சீழ் வடிந்தால், எலும்பில் ஒரு சில்லு செத்து உள்ளே கிடக்கும். அதை எடுக்காமல் எந்த மருந்துக்கும் ஆறாது.

வலியில துடிக்குது, மெடிக்கல்ல ஒரு ஊசி வாங்கிப் போட்டா என்ன?

டாக்டர் பார்ப்பதற்கு முன் வலி ஊசி போட்டால் நொண்டல் மறைந்துவிடும். மூட்டுக் கேள்வியில் சொன்ன கதையில் எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கையே அந்த நொண்டல்தான். அதையும் மறைத்துவிட்டால் அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம். காயம் ஆறுவதைத் தடுக்கும், குளம்புக்குள் அழற்சி கிளம்பும் ஆபத்தும் உண்டு.

டைக்ளோபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைக்குப் போடுவது 2006லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கொஞ்சம் கழுகுகளை நினைத்தாவது, மனிதருக்கு விற்கும் அந்த மருந்தைக் குதிரைக்கு வாங்காதீர்கள்.

புழு வெச்சிடுச்சு. டர்பன்டைன் ஊத்தலாமா?

ஊற்றினால் புழு வெளியே வரும், சதையும் வேகும். கண், ஆண்குறி, கணு போன்ற இடங்களில் தொடவே கூடாது. இரண்டு மூன்று புழு மேலாகத் தெரிந்தால் இடுக்கியால் எடுத்து, சலைனில் கழுவி, ஈ விரட்டும் மருந்தைச் சுற்றிலும் அடிக்கலாம். குகைபோல உள்ளே போயிருந்தால் டாக்டர். புழு இருக்கிறது என்றால் அந்தக் காயத்தை இரண்டு நாளாவது யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கோபப்படாதீர்கள், எனக்கும் நடந்திருக்கிறது.

ஒரு மாசமாச்சு. ஆறாம, சதை மட்டும் பொங்கிப் பொங்கி வருது.

கீழ்க்கால் காயங்களில் இது சகஜம். சதை தோல் மட்டத்தைத் தாண்டிக் காலிபிளவர்போல வளர்ந்தால் ஓரத்துத் தோல் அதன்மேல் ஏறி மூட முடியாது. மயில்துத்தம் வைத்துச் சுடுவது பழைய வழக்கம். நல்ல ஓரத்தையும் அது சுட்டுவிடுவதால் புண் பெரிதாகிறது. அந்தச் சதையில் வலி நரம்பு இல்லை. டாக்டர் கத்தியால் மட்டமாகச் சீவும்போது குதிரை சும்மா நிற்கும், ரத்தம் மட்டும் நிறைய வரும். அதனால் வீட்டில் முயல வேண்டாம்.

மழைக்காலத்தில் புண் அரித்து, குதிரை தானே கடித்துக்கொண்டு, உள்ளே அரிசிக் குறுணைபோல மஞ்சள் கட்டிகள் இருந்தால் வேறு நோய். வடக்கே இதைப் 'பர்சாத்தி' என்பார்கள், மழைப்புண். ஈ கொண்டுவந்து விடும் புழுக்குஞ்சு ஒரு காரணம், தேங்கிய நீரில் வளரும் பூஞ்சை போன்ற ஒரு கிருமி இன்னொரு காரணம். பார்க்க ஒன்றுபோல, வைத்தியம் வேறு வேறு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. காலில் அல்லது விலாவில் வரிசையாக முடிச்சு முடிச்சாக எழும்பி, உடைந்து தேன்போல் வடிந்து, கூடவே மூக்கில் சளி. காயமே படாத இடத்தில் புண். இது கிளாண்டர்ஸ் ஆக இருக்கலாம். மனிதர்களுக்கும் தொற்றிக் கொல்லும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மற்றக் குதிரைகளிலிருந்து பிரியுங்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கு ரத்தப் பரிசோதனை செய்கிறது.

எங்க ஊர்ல மாட்டு டாக்டர்தான் இருக்கார். அவருக்குக் குதிரை தெரியுமா?

அவர் படித்ததில் குதிரையும் உண்டு. ஒரே மயக்க ஊசி, மாட்டுக்குக் குதிரை அளவில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த பாடம்தான். தினமும் குதிரை பார்ப்பவராக இல்லாமல் இருக்கலாம், அதனால் குதிரையைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது. பழகிய ஆள் ஒருவர் தலைப்பக்கம், டாக்டர் நிற்கும் அதே பக்கம் நிற்க வேண்டும். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. மூட்டு, கண், எலும்பு என்றால் சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரும்படி அவரையே கேளுங்கள்.

போனில் "அடிபட்டிருக்கு, சீக்கிரம் வாங்க சார்" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. எந்தக் கால், எந்த மூட்டுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே, எத்தனை மணிக்கு, நடக்கிறதா, நாடி எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, கடைசி டெட்டனஸ் தேதி. படம் இரண்டு: முழுக் காலும் தெரிவது ஒன்று, பக்கத்தில் தீப்பெட்டி வைத்து எடுத்தது ஒன்று.

டாக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டார். வீணா கூப்பிட்டுட்டேனா?

டெட்டனஸ் ஊசி போட்டிருப்பார், மூட்டு திறக்கவில்லை என்று சொல்லியிருப்பார். அதற்குத்தானே கூப்பிட்டீர்கள். இனி பத்து நாள் காலை மாலை காய்ச்சல் பாருங்கள். 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் இயல்பு, 102 வந்தால் மறுபடி போன். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரில் நூல் கட்டி வாலில் கிளிப் போட்டுவிடுங்கள், உள்ளே போய்விட்டால் தேட முடியாது.

அதே நூல்கண்டில் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். காயம்பட்ட காலைச் சுற்றி, காயத்துக்கு ஒரு விரல் மேலே, இறுக்காமல் சுற்றி, நூலின் முனை வந்து சேரும் இடத்தில் அடையாளமாக ஒரு முடிச்சுப் போட்டு, கழற்றி ஆணியில் மாட்டுங்கள். கண்ணால் பார்த்தால் வீக்கம் நேற்றுப் போலவேதான் எப்போதும் தெரியும். மறுநாள் அதே இடத்தில் சுற்றும்போது முடிச்சு நூலின் முனையைத் தொடவில்லை என்றால், அன்றைக்கே அவரை மறுபடி கூப்பிடுங்கள்.